பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கப் போகிறேன். நாட்டுப் பூச்சிகளைக் காக்கும் வேலைக்கு வழி உண்டா?

போடிமெட்டு எழுதியது:

வணக்கம். போடிநாயக்கனூர் பக்கம் எங்கள் ஊர். விலங்கியல் கடைசி ஆண்டு. அப்பா ஏலத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. லீவு நாட்களில் அவரோடு மலைக்குப் போய், இரண்டு வருடமாகக் கைபேசியில் பூச்சிகளைப் படம் எடுத்து வருகிறேன். வண்ணத்துப்பூச்சியில் மட்டும் 70 இனம் வரை பெயர் கண்டுபிடித்துவிட்டேன்.

வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். பூச்சியியல் என்றால் மருந்தடிக்கிற படிப்புதானே என்று மாமா கேட்கிறார். பூச்சியைக் காப்பாற்றுவதையே வேலையாகச் செய்கிறவர்கள் உண்மையில் இருக்கிறார்களா? நாள் முழுக்க என்ன செய்வார்கள்? என்ன படிக்க வேண்டும்?

கோவைப் பூச்சிக்காரி எழுதியது:

தம்பி, இருக்கிறோம். ஆனால் குறைவாக இருக்கிறோம். 20 வருடமாக இதில்தான் இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மாமா சொன்னதிலும் நியாயம் உண்டு. நம் நாட்டில் பூச்சியியல் வேலைகளில் பெரும்பங்கு வேளாண்மையைச் சேர்ந்தது. எம்.எஸ்சி. வேளாண் பூச்சியியலுக்கு இளநிலையிலேயே வேளாண்மை படித்திருக்க வேண்டும், அதனால் அந்த வாசல் உங்களுக்கு இல்லை. விலங்கியலிலேயே மேலே படிக்கலாம். இல்லையென்றால் காட்டுயிர் உயிரியல்: மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியிலும் இருக்கிறது. அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை எடுத்துவிட்டால் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். அது இல்லாமல் திட்டப் பணிகளை மட்டும் நம்பி இறங்காதீர்கள். என் முதல் திட்டச் சம்பளம் 6,000. நிதி முடிந்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சேகரித்த பூச்சிப் பெட்டிகளை யாரும் கவனிக்கவில்லை, அத்தனையும் பூஞ்சணம் பிடித்துப் போயின. இன்றைக்கும் அதை நினைத்தால் தாங்கவில்லை.

நாள் முழுக்க என்ன செய்வோம் என்றால், காட்டில் இருப்பது வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான். மீதி நாளெல்லாம் நுண்ணோக்கிதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அந்துப்பூச்சிகளைப் பிரிக்க வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, ஆண் உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு. சீட்டு இல்லாத பூச்சியால் எந்தப் பயனும் இல்லை. கோவை வந்தால் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தைப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கும் போங்கள்.

ஆனால் காப்பாற்றுவது என்பது பெரும்பாலும் செடியைக் காப்பாற்றுவதுதான். ஆடுதீண்டாப்பாளை தெரியுமல்லவா? தரையோடு படர்வது, பெயருக்கு ஏற்றபடி ஆடுகூட வாய் வைக்காது. ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சி அதிலும் அதன் இனச் செடிகளிலும்தான் முட்டையிடும். புழு அந்தச் செடியின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் சில ரோஜா அழகி போலவே வேடம் போட்டுத் தப்பிக்கின்றன. வேடம் பலிக்க வேண்டுமானால் அசல் ஊரில் பறக்க வேண்டும். அசல் பறக்க அந்தக் கொடி வேண்டும்.

எங்கள் கணக்கெடுப்பில் இருந்த ஒரு கரிசல் வரப்பை ஒரு முறை 'சுத்தம்' செய்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கொடிகள் வாடிக் குவிந்து கிடக்கின்றன, மேலே புழுக்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அன்று முதல் பாதி நேரம் ஊராரோடு பேசுவதில்தான் போகிறது. எந்த ஓரத்தைக் களையெடுக்காமல் விடலாம், எப்போது விடலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். எருக்கு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு எல்லாம் அப்படி விட்டுவைக்க வேண்டியவை. நீல வரியன் வண்ணத்துப்பூச்சியின் ஆண்கள் கிலுகிலுப்பையில் மொய்ப்பது தேனுக்காக அல்ல. துணையை ஈர்க்கும் வாசனைக்கு வேண்டிய ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளை அதிலிருந்துதான் எடுக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: 1972 காட்டுயிர்ச் சட்டத்தின் அட்டவணையில் பல வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வலை எடுக்காதீர்கள். இப்போதைக்குப் படம் போதும்.

குமரித் தேன்காரன் எழுதியது:

பூச்சிக்காரி அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்குத் தேன்பெட்டிதான் பிழைப்பு. 1991, 92இல் தாய்லாந்து சாக்குப்புழு நோய் என்ற தேனீ வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் கூட்டறையிலேயே நீர் கோத்துப் பை போலச் செத்தன. அப்பாவிடம் 60 பெட்டி இருந்தது, மிஞ்சியது 4. நிறையப் பேர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அப்பா அந்த நாலையே பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். பிழைத்த கூடுகளிலிருந்துதான் நாட்டுத் தேனீ மறுபடி தலையெடுத்தது. எந்தக் கூடு தாங்குகிறது என்று அன்று ஊர் ஊராகப் போய்க் குறித்து வைக்க ஆள் இல்லை. தம்பி போன்றவர்கள் படித்து வர வேண்டும்.

போடிமெட்டு எழுதியது:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. இரண்டு பதிலையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் களத்துமேட்டு ஓரத்தில் ஆடுதீண்டாப்பாளை இருக்கிறது என்று அவரே சொன்னார்! நாளைக் காலையில் போகிறேன். எதைத் தேட வேண்டும்?

கோவைப் பூச்சிக்காரி எழுதியது:

இலையைப் புரட்டிப் பாருங்கள், முட்டை சிவந்த சிறு உருண்டையாக இருக்கும். புழு கருஞ்சிவப்பு, உடம்பெல்லாம் சதைமுள். நடுவில் வெள்ளைப் பட்டை இருந்தால் ரோஜா அழகி. பட்டை இல்லையென்றால் அதன் பங்காளியான சிவப்புடல் அழகியாக இருக்கலாம். தேதி, நேரம், எத்தனை புழு, கொடியில் எவ்வளவு இலை மிச்சம் என்று நோட்டில் எழுதுங்கள். அப்பாவிடம் அந்த ஓரத்தை இந்த மழை முடியும்வரை வெட்ட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.