அந்தமானுக்குக் குடி போகிறோம்: எதைக் கட்டுவது, எதை விடுவது?

நம்பியூர் மருமகள்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்டுக்காரருக்கு மத்திய அரசு வேலை. போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்துவிட்டது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றினார்களே, அந்த ஊர்தான். மே கடைசியில் போய்ச் சேர வேண்டும். நாங்கள் இருவர், எட்டாவது முடித்த மகள், இரண்டாவது முடித்த பையன், அப்புறம் எழுபதைத் தாண்டிய அத்தை. "ஆளுக்கொரு பெட்டி போதும், மீதியை அங்கேயே வாங்கிக்கலாம்" என்கிறார் இவர். கிரைண்டர், குத்துவிளக்கு, பீரோ, மெத்தை எல்லாம் வந்தே ஆக வேண்டும் என்கிறார் அத்தை. தினமும் இதே பேச்சுதான். அங்கே இருந்தவர்களும் சாமான் அனுப்பிப் பழகியவர்களும் வழி சொல்லுங்கள்.

கூடுதுறை:
தங்கச்சி, நான் அங்கே வேலை பார்த்துவிட்டுப் பவானிக்குத் திரும்பியவன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. நம் பக்கம் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருஷம். அங்கே ஏறக்குறைய 3,000. மே நடுவில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். அது ஓய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடும், டிசம்பர் வரை ஈரம்தான். ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரைதான் நல்ல வெயில். நீங்கள் போவதோ மழை தொடங்குகிற நேரத்தில்.

பஞ்சு மெத்தை ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். பிளைவுட் அலமாரி உப்பிப்போகும். தோல் செருப்பு, பெல்ட், கேமரா லென்ஸ் எதையும் பூஞ்சை விடாது. கடற்காற்றில் உப்பு இருப்பதால் இரும்பு பீரோவில் பெயின்ட் உரிந்த இடத்தில் எல்லாம் துரு ஏறும். பட்டுப்புடவையை உங்கள் அம்மா வீட்டிலேயே வைத்துவிடுங்கள், ஜரிகை கறுத்துப் போகும். சீக்கிரம் காய்கிற மெல்லிய துணிகள், குடை, ரெயின்கோட், கொசுவலை, பிளாஸ்டிக் டப்பாக்கள். அவ்வளவு போதும்.

கவுந்தப்பாடி அக்கா:
தம்பி சொல்கிற மழைக்கணக்கு சரிதான். ஆனால் "அங்கேயே வாங்கிக்கலாம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தீவில் விற்கிற பொருளில் பெரும்பகுதி நம் கரையில் இருந்து கப்பலில் போனதுதான். நாலு நாள் கப்பல் தாமதமானால் காய்கறி விலை ஏறிவிடும். இங்கே ஓடிக்கொண்டிருக்கிற சாமானைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, அதையே அங்கே கூடுதல் விலை கொடுத்து வாங்குவதா? ஒரு குடும்பத்துக்கு அது சின்னப் பணமா?

இன்னொன்றும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்குச் சாதாரண மாற்றலில் சாமான் கட்டும் படியாக அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் தருவார்கள். அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போனால் முழு 100 சதவீதம். போகிற இடம் கஷ்டமானது என்று தெரிந்துதானே கூடுதலாகத் தருகிறார்கள்? கிரைண்டரைக் கட்டாயம் எடுத்துப் போ சாமி.

பல்லடம் பார்சல்:
அக்கா, அந்தப் படி மொத்தமாக வருகிற தொகை. சாமான் குறைந்தால் மிச்சம் அவர்கள் கையில் நிற்கும். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், நடைமுறையைச் சொல்கிறேன். ஈரோட்டில் லாரி ஏற்றினால் சென்னையில் ஒரு இறக்கம். அங்கே இருந்து துறைமுகம், அப்புறம் கப்பல், அந்தக் கரையில் மறுபடி இறக்கம், வண்டி வைத்து வீடு. ஒவ்வொரு கை மாறும்போதும் கூலி, ஒவ்வொரு கை மாறும்போதும் அடி. பயணிகள் கப்பலே சென்னையில் இருந்து போய்ச்சேர மூன்று நாள் ஆகும். சரக்கு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தேதி வைத்துச் சொல்ல முடியாது. அதனால் முதல் மாதத்துக்கு வேண்டியது எதையும் கப்பலில் போடாதீர்கள். பீரோவும் கட்டிலும் இடத்தைத்தான் அடைக்கும். கண்ணாடி வைத்த பீரோ என்றால் வேண்டவே வேண்டாம்.

சூலூர் ஒர்க்‌ஷாப்:
கிரைண்டர் விஷயத்தில் நான் அக்கா பக்கம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, உலகத்துக்கே அனுப்புகிறார்கள். அந்தமானுக்கு அனுப்ப முடியாதா? சாய்க்கிற பெரிய மாடலை விட்டுவிடுங்கள், டேபிள் டாப் போதும். குழவியைக் கழற்றித் தனியாகச் சுற்றி வேறு பெட்டியில் போட வேண்டும். டிரம்முக்குள் வைத்தே அனுப்பினால் போய்ச்சேர்வதற்குள் டிரம் நசுங்கிவிடும். மாற்று பெல்ட் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கரண்ட் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில்தான் வருகிறது என்பதால் ஸ்டெபிலைசர் ஒன்றும் சேரட்டும்.

கூடுதுறை:
மோட்டாரைக் காப்பாற்ற இன்னொரு பெட்டியா? 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 15 சதவீதம். பஜாரில் இறங்கினால் தமிழிலேயே சாமான் வாங்கலாம். இட்லி அரிசியும் உளுந்தும் கிடைக்கிற ஊரில் கிரைண்டர் கிடைக்காமல் போகுமா? மளிகையை மூட்டை மூட்டையாகக் கட்டுவதும் வேண்டாம். நாட்டுச்சர்க்கரை அந்த ஈரத்தில் கசிந்து கட்டியாகும். பருப்பில் வண்டு விழும். மிளகாய்த்தூளில் பூஞ்சை வரும்.

கவுந்தப்பாடி அக்கா:
எங்கள் ஊர்ச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, அதை எப்படி வைப்பது என்று எங்களுக்குத் தெரியாதா? காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கில் கொஞ்சமாகப் போட்டு, தீரத் தீர ஊரில் இருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டியதுதான். மஞ்சளைத் தூளாக வேண்டாம், ஈரோட்டுக் கொம்பு மஞ்சளாகவே கொண்டுபோகலாம். கொள்ளையும் துவரையையும் வறுத்து ஆறவைத்துக் கட்டினால் வண்டு அண்டாது. கடையில் எல்லாம் கிடைக்கும் என்கிறாய். அரிசிம்பருப்புச் சோற்றுக்கும் கொள்ளு ரசத்துக்கும் பழகின வயிறு எழுபது வயதில் திடீரென்று மாறுமா தம்பி? வீட்டையும் ஊரையும் விட்டு வருகிறவருக்கு முதல் மாதச் சாப்பாடாவது பழகினதாக இருக்கட்டும். அத்தைக்கு என்று ஒரு பெட்டி கொடுத்துவிடு கண்ணு. அதில் விளக்கை வைக்கட்டும், எதை வேண்டுமானாலும் வைக்கட்டும், வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.

நம்பியூர் மருமகள்:
அத்தையிடம் இதைப் படித்துக் காட்டினேன் அக்கா. அந்தப் பெட்டியில் முதலில் குலதெய்வப் படம்தான் என்கிறார். மரச்சட்டம் போட்ட பெரிய படம். அது தாங்குமா?

கூடுதுறை:
சட்டத்தோடு வேண்டாம் தங்கச்சி. கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் புகுந்து படம் ஒட்டிக்கொள்ளும். நல்ல பிரதி ஒன்று எடுத்து லேமினேட் செய்து கொண்டுபோங்கள், அசல் ஊரிலேயே இருக்கட்டும். அத்தைக்கு ஒரு பெட்டி என்பதை நான் மறுக்கவில்லை. பெரியவர்கள் மனசு முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை யாருமே பேசவில்லை. அத்தைக்கு மாத்திரை, இன்சுலின் ஏதாவது உண்டா? அங்கே பெரிய அரசு ஆஸ்பத்திரி என்றால் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிதான். அதையும் தாண்டிய சிகிச்சைக்குச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோதான் வர வேண்டும். மூன்று மாத மருந்து, டாக்டர் சீட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், அவரைக் கப்பலில் கூட்டிப் போகாதீர்கள். சென்னையில் இருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

பல்லடம் பார்சல்:
விமானத்தில் ஆளுக்குப் பொதுவாக 15 கிலோவும் கையில் 7 கிலோவும்தான் விடுவார்கள், டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 7 கிலோவில் முதலில் காகிதங்கள். டி.சி., மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ், மாற்றல் ஆணை, பேங்க் பாஸ்புக். தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், சாமான் மூட்டையில் வேண்டாம். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கேயே ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கினால் அங்கே அதைக் காட்டி இணைப்பு வாங்கலாம்.

நம்பியூர் மருமகள்:
அத்தைக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டுங்க, மாத்திரைதான். நேற்று ராத்திரி உட்கார்ந்து முடிவு பண்ணினோம். பீரோ, கட்டில், மெத்தை தங்கை வீட்டுக்குப் போகின்றன. பவானி ஜமக்காளம் இரண்டு வருகிறது. கிரைண்டரும் வருகிறது. அண்ணா கோபப்படக் கூடாது, மாவு அரைக்கப் போகிறவள் நான். பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் ஒரு பெட்டி. பள்ளிக்கூடம் சி.பி.எஸ்.இ. ஆகிவிடும், தமிழ் விட்டுப்போகக் கூடாது.

கூடுதுறை:
கோபமில்லை தங்கச்சி, ஆனால் என் கருத்து மாறவில்லை. தடி ஜமக்காளம் மழையில் துவைத்தால் காய நாளாகும், ஒன்று போதும். அங்கே தமிழ்வழி அரசுப் பள்ளியும் உண்டு, போனதும் விசாரியுங்கள். ஆனால் மகள் ஒன்பதாவது சேர்கிறாள், வழி மாறும் வயதில்லை. புத்தகப் பெட்டியில் கற்பூரம், சிலிக்கா ஜெல் போட்டு, ஜனவரி வெயிலில் பிரித்துக் காய வையுங்கள்.

சூலூர் ஒர்க்‌ஷாப்:
வண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே? பைக் கொண்டுபோவதென்றால் ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடப்போகிறது என்றால் அங்கே பதிவு எண் மாற்ற வேண்டும். பழைய வண்டியாக இருந்தால் இங்கேயே விற்றுவிடுங்கள். புதிது என்றால் பெட்ரோலை வடித்து, பேட்டரி கழற்றி, செயினுக்கும் சேஸிசுக்கும் துருத் தடுப்பு அடித்து ஏற்றுங்கள். எந்த வருஷ மாடல் என்று சொன்னால் எதைச் செய்யலாம் என்று சொல்கிறேன்.