பறக்கும் கிலோமீட்டரா, ஓடுநுழைவுக் கிலோமீட்டரா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பிளிட்சன் பென்ஸ் என்ற பழைய சாதனைக் கார் பற்றிய நம் கட்டுரையில் ‘ஃப்ளையிங் கிலோமீட்டர்’ என்று வருகிறது; முன்னதாகவே வேகம் எடுத்துவிட்ட கார், அளந்து வைத்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் நேரத்தை மட்டும் கணக்கிடும் முறை அது. அதைப் ‘பறக்கும் கிலோமீட்டர்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மடலில் ஐயா ஒருவர் எழுதி, தேர்தல் காலப் பறக்கும் படையைச் சான்றாகக் காட்டியிருந்தார். பறக்கும் படையில் பறப்பது படைதான். சென்னையின் பறக்கும் ரயிலில்கூட உயரத்தில் ஓடுவது ரயில்தான். இங்கோ கிலோமீட்டர் எங்கும் போவதில்லை, அது தரையில் கோடு போட்டு அளந்து வைத்த தொலைவு. ஆகவே அந்த அடைமொழி இவ்விடத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

சொல்லைத் தேடுமுன் செயலைப் பார்ப்போம். ஜெர்மனியின் மன்ஹைமில் 1909 இல் உருவான அந்தக் காரின் எஞ்சினில் நான்கே சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 185 மில்லிமீட்டர், உந்துதண்டின் வீச்சு 200 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 21.5 லிட்டர். நிமிடத்துக்கு 1,600 சுற்றில் 200 குதிரைத்திறனைத் தந்து, சங்கிலி வழியே பின்சக்கரங்களைச் சுழற்றிய இந்த எஞ்சின், நின்ற இடத்திலிருந்து காரைக் கிளப்பி முழு வேகத்துக்குக் கொண்டுவர நெடுந்தூரம் பிடிக்கும். அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்த்தால் காரின் உச்ச வேகம் தெரியாது. அதனால்தான் 1909 நவம்பர் 8 அன்று இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயக் களத்தில் ஓட்டுநர் விக்டர் எமெரி முன்னதாகவே வேகம் கூட்டிக்கொண்டு அளவைக் கோட்டுக்குள் புகுந்தார். கார் கோட்டைத் தொட்ட கணத்தில் மின்வழியே நேரம் பதிவாகத் தொடங்கியது. கிலோமீட்டரைக் கடக்க 18 விநாடிகூட ஆகவில்லை; மணிக்கு 202.7 கிலோமீட்டர். ஐரோப்பாவில் 200 ஐத் தாண்டிய முதல் கார் அதுவே.

ஆக, கடிகாரத்துக்குத்தான் அது தொடக்கம், காருக்கு நுழைவு. ‘ஃப்ளையிங்’ என்பதற்கு ஏற்கெனவே வந்த ‘ஓடுதொடக்கம்’ என்ற முன்மொழிவு நன்றாக இருந்தாலும், ‘ஓடத் தொடங்குதல்’ என்று, அதாவது நேர்மாறாகவே, பொருள்கொள்ள இடமளிக்கிறது. ‘ஓடுநுழைவு’ என்றால் ஓடிக்கொண்டே நுழைவது என்ற பொருள் வினைத்தொகையிலேயே கிடைத்துவிடும். ஓட்டுவீட்டு வாசல் நினைவுக்கு வரும் என்று யாரேனும் கேலி செய்யலாம். ஓடுதளம் என்ற சொல்லைக் கேட்டு ஓடு பதித்த தரை என்று எவரும் நினைத்ததில்லையே. இதற்கு இணையாக, நின்ற நிலையிலிருந்து கிளம்புவதை ‘நிலைத்தொடக்கம்’ எனலாம். அங்கே காரும் கடிகாரமும் ஒன்றாகவே தொடங்குவதால் ‘தொடக்கம்’ என்பது சரியாகவே இருக்கிறது.

இன்னொரு சொல்லும் உடன் தேவைப்படுகிறது. 1911 ஏப்ரல் 23 அன்று ஓட்டுநர் பாப் பர்மன் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரை மணலில் இதே வகைக் காரை மணிக்கு 228.1 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். ஆனால் ஓடியது ஒரே திசையில். காற்றும் சரிவும் தரும் ஆதாயத்தைக் கழிக்க, எதிர்த்திசையிலும் ஓடிச் சராசரி காண வேண்டும் என்ற விதியை வைத்திருந்த அனைத்துலக மோட்டார் கழகங்களின் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. 1914 ஜூனில் புரூக்லண்ட்ஸில் இன்னொரு 200 குதிரைத்திறன் பென்ஸில் ஹார்ன்ஸ்டெட் என்ற ஓட்டுநர் இரு திசையிலும் ஓடிப் பெற்ற, மணிக்கு ஏறத்தாழ 199.7 கிலோமீட்டர் வேகம்தான், பர்மனுடையதைவிடக் குறைவாயினும், ஏற்கப்பட்ட சாதனையாயிற்று. இதை ‘இருவழிச் சராசரி’ என்றால் இருவழிச் சாலை குறுக்கே வந்து நிற்கும். ‘இருதிசைச் சராசரி’ என்பதே என் தேர்வு.

கட்டுரையின் அட்டவணைத் தலைப்பில் இடம் குறைவு என்பதால், ‘ஓடுநுழைவு, ஒருதிசை’ என்று எமெரிக்கும் பர்மனுக்கும், ‘ஓடுநுழைவு, இருதிசை’ என்று ஹார்ன்ஸ்டெட்டுக்கும் இட்டுப் பார்த்தேன், இடறவில்லை. மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.