காற்றாலையும் வேண்டும், காடும் வேண்டும்: ஊர் எதைக் கேட்டு வாங்குவது?

தும்பி:
காற்றாலை, சோலார் எல்லாம் வரட்டும் என்று நினைக்கிற ஆள்தான் நான், நிலக்கரிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு, சூழல் ஆய்வைச் சடங்குக்கு முடித்து, கடைசியில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு "சமுதாயக் கூடம் கட்டித் தருகிறோம்" என்பதுதான் வழக்கமாக இருக்கிறது. பறவை, மேய்ச்சல், ஊர் வருமானம் மூன்றையும் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்த இடம் எங்காவது உண்டா?

சுழலி:
கூடத்தை விடுங்கள், வருமானத்தில் பங்கு கேளுங்கள். டென்மார்க்கில் 2009 முதல் சில வருடங்களுக்கு, புதிய காற்றாலைத் திட்டத்தில் குறைந்தது 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும் என்று சட்டமே இருந்தது. கையில் காசு உள்ளவர்தான் பங்கு வாங்க முடியும் என்பது அதிலுள்ள ஓட்டை. ஜெர்மனியில் வேறு வழி: காற்றாலையைச் சுற்றி 2.5 கிலோமீட்டருக்குள் வரும் உள்ளாட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை நிறுவனம் கொடுக்கலாம். எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் இறக்கை சுற்றுகிற வரை பணம் வரும், யாரையும் போய்க் கெஞ்ச வேண்டாம்.

வெயில்காரன்:
பணத்துக்கு முன்னால் இடம். ஏட்டில் தரிசு என்று போட்டிருக்கும் புல்வெளியில்தான் ஆடு மேயும், தரையில் கூடு கட்டும் பறவையும் இருக்கும். வலசைப் பறவை வராத மாதத்தில் ரெண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு "பறவைகள் இல்லை" என்று எழுதுகிற அறிக்கையெல்லாம் அறிக்கையா? எல்லாப் பருவத்திலும் எண்ண வேண்டும். மின்கம்பியையும் சேர்த்துக் கேளுங்கள், பலர் காற்றாலையை மட்டும் பார்த்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயிலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருக்கும் கம்பி சரியாகத் தெரியாது, உடம்பும் கனம், சட்டென்று திரும்ப முடியாமல் போய் மோதிவிடும்.

கட்டியபின் செய்யக்கூடியதும் உண்டு. ஸ்பெயினின் காதிஸ் பகுதியில் ஆட்களை நிறுத்தி வானத்தைக் கவனிக்க வைத்தார்கள். கழுகுக் கூட்டம் ஆபத்தான தூரத்துக்குள் வந்தால் உடனே சொல்லி அந்தக் காற்றாலையை மட்டும் நிறுத்துவார்கள். பிணந்தின்னிக் கழுகுகளின் சாவு பாதியாகக் குறைந்தது, மின் உற்பத்தியில் போனதோ 0.07 சதவீதம்தான். ஆக "நஷ்டமாகும்" என்று யாராவது சொன்னால் எவ்வளவு என்று கேளுங்கள்.

தும்பி:
நன்றி. ஆனால் பட்டா இல்லாமல் மேய்த்துப் பிழைப்பவருக்குப் பங்கும் கிடையாது, குத்தகையும் கிடையாதே?

சுழலி:
உண்மைதான், அங்கே பணம் மட்டும் போதாது. நார்வேயின் ஃபோசென் பகுதியில் 151 காற்றாலைகள் நின்ற பிறகு, 2021-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவற்றின் உரிமங்கள் செல்லாது என்றது, பனிமான் மேய்க்கும் 'சாமி' (Sámi) என்ற பழங்குடியினரின் பண்பாட்டு உரிமையை மீறியதால். அப்புறமும் காற்றாலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, சமரசம் 2023 கடைசியிலும் 2024-லும்தான் வந்தது. கட்டிவிட்டால் தீர்ப்பு வந்தாலும் கழற்றுவது கஷ்டம், அதனால் மேய்ப்பவர்களின் பாதையும் தண்ணீர்க் குட்டையும் முதல் வரைபடத்திலேயே ஏற வேண்டும், நிலம் யார் பேரில் இருந்தாலும் சரி.

வெயில்காரன்:
இன்னொன்று, 25 வருடம் கழித்துக் கழற்றும் செலவு. அதற்கான வைப்புத்தொகையைக் கட்டாமல் அனுமதி தரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நிறுவனம் கைமாறினால் பழைய வாக்குறுதியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.