ஆற்றங்கரைக் குப்பையைக் கணக்கெடுக்கும் முறை குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் காவிரிக் கரையோரம் சேரும் குப்பையை நண்பர்கள் சிலர் சேர்ந்து முறையாகக் கணக்கெடுக்க முனைந்துள்ளோம். கடற்கரையில் இப்பணியைச் செய்து பழகியவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் வகுத்த கடற்கரை முறையில், 100 மீட்டர் கரையை 5 மீட்டர் அகலமுள்ள 20 துண்டுகளாகப் பிரித்து, குலுக்கலில் நான்கைத் தேர்ந்து, நீர் விளிம்பு முதல் கரையின் பின் எல்லை (செடிகொடிகளோ மேடோ தொடங்கும் இடம்) வரை நடந்து, 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத பொருள்களை மட்டும் எண்ணுகிறார்கள். கடலில் அலை ஏறி இறங்கும் நேரம் முன்பே தெரியும். காவிரியிலோ மேலே அணையில் தண்ணீர் திறந்தால் நீர் விளிம்பே இடம் மாறிவிடுகிறது. நாங்கள் அடித்து வைத்த முளைக்குச்சிகள் மறுவாரமே மூழ்கிப்போயின. இந்நிலையில் பரப்பளவை எப்படிக் கணக்கிடுவது, பின் எல்லையாக எதைக் கொள்வது?

இன்னொரு சிக்கல், இங்குள்ள எண்ணெய்க் குளியலால் வருவது. ஷாம்பு பாக்கெட்டின் கிழித்தெறிந்த முனைகள்தான் மணலில் ஏராளமாகக் கிடக்கின்றன. அவை பெரும்பாலும் அளவுக்குள் வராமல் விடுபடுகின்றன. மணலில் சிறு சதுரச் சட்டகம் வைத்து, அதற்குள் கிடக்கும் முனைகளை மட்டும் தனியே எண்ணலாமா? மணலில் பாதி புதைந்த ஈரத் துணிகளை எண்ணிக்கையில் சேர்ப்பதா, உலர்த்தி எடை போடுவதா? எடை மட்டும் பார்த்தால் துணியே எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பது என் எண்ணம்.

களத்தில் பயன்படுத்திய பதிவுப் படிவம் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.