ரிஸ்க் ஜீரோ ஸ்டீல்: லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்க எப்படி செட்டப் செய்வது?

கேள்வி

வணக்கம். ரிஸ்க் ஜீரோவின் ஸ்டீல் லைப்ரரியை வைத்து, எத்தீரியம் சங்கிலியின் கணக்கு வேலையை வெளியே செய்து தரும் ஒரு சின்ன கோப்ராசசர் செயலி எழுதி வருகிறேன். ஒரு முகவரியில் இஆர்சி-20 (எத்தீரியத்தின் டோக்கன் தரநிலை) டோக்கன் போதுமான அளவு இருக்கிறதா என்று சங்கிலிக்கு வெளியே பார்த்து, அந்தக் கணக்கு சரி என்று காட்டும் புரூஃபை மட்டும் சங்கிலியில் உள்ள கான்ட்ராக்ட் சரிபார்க்க வேண்டும். ரஸ்ட், ஃபவுண்ட்ரி, ஆர்இசட்அப் (ரிஸ்க் ஜீரோவின் நிறுவல் கருவி) எல்லாம் போட்டாயிற்று, லேப்டாப்பிலேயே ஓடும் சோதனைச் சங்கிலியான அன்வில் ஓடுகிறது. ஆனால் புரூஃப் எடுக்கத் தொடங்கியதும் 16 ஜிபி ரேம் நிரம்பி லேப்டாப் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு வரி மாற்றினாலும் இதே பாடு. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1

கோட் எழுதும் கட்டத்தில் அசல் புரூஃப் எடுக்கவே வேண்டாம். ஹோஸ்ட் நிரல் (புரூஃப் எடுக்கச் சொல்லும் வெளி நிரல்) ஓடும் அதே டெர்மினலில் டெவ் மோட் சூழல் மாறியை (RISC0_DEV_MODE) 1 என்று வையுங்கள். கெஸ்ட் கோட் (எதற்குப் புரூஃப் எடுக்கிறோமோ அந்த நிரல்) முழுக்க ஓடும், பிழை இருந்தால் அங்கேயே தெரியும். புரூஃப் மட்டும் போலி ரசீதாக வரும். கான்ட்ராக்ட் பக்கம், போலி ரசீதையும் ஏற்கும் சோதனைக்கான மாக் வெரிஃபையரை டிப்ளாய் செய்யுங்கள். அசல் வெரிஃபையர் போலி ரசீதை ஏற்காது, ஏற்கவும் கூடாது.

டெவ் மோடையே முடக்கும் ஃபீச்சர் ஒன்று ரிஸ்க் ஜீரோவின் இசட்கேவிஎம் க்ரேட்டில் (ரஸ்ட் தொகுப்பில்) இருக்கிறது. வெளியீட்டு பில்டில் அதைக் கட்டாயம் போடுங்கள். அப்புறம், அன்வில் தரும் 10 கணக்குகளின் சாவிகள் ஊரறிந்தவை. அசல் பணத்தை அந்தப் பக்கம் காட்டாதீர்கள்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா, இப்போது சட்டென்று முடிகிறது. ஆனால் கெஸ்டில் குறைந்தபட்ச டோக்கன் அளவை மாற்றியதும் கான்ட்ராக்ட் ரிவர்ட் ஆகிறது, அதாவது பரிவர்த்தனையை நிராகரிக்கிறது.

பதில் 2

இமேஜ் ஐடி மாறியிருக்கும். கெஸ்ட் பைனரியிலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் அது; பைனரி மாறினால் ஐடியும் மாறும். உங்கள் கான்ட்ராக்ட் பழைய ஐடியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் கார்கோ பில்ட் (ரஸ்ட் பக்கம்), பிறகு ஃபோர்ஜ் பில்ட் (கான்ட்ராக்ட் பக்கம்), பிறகு மறு டிப்ளாய். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் கெஸ்டை எல்லோருக்கும் ஒரே சூழலைத் தரும் டாக்கரில் பில்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு ஐடி வரலாம்.

பதில் 1

சரியாகச் சொன்னார். இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் டெவ் மோட் இதை முழுக்க மறைத்துவிடும்.

ஸ்டீல் புரூஃப் ஒரு குறிப்பிட்ட பிளாக்கின் நிலையைச் சொல்வது. கான்ட்ராக்ட் அந்த பிளாக் ஹேஷைச் சரிபார்க்க வேண்டும். கான்ட்ராக்டுகள் ஓடும் ஈவிஎம்மின் பிளாக்ஹேஷ் கட்டளையில் கடைசி 256 பிளாக்குகளின் ஹேஷ்தான் கிடைக்கும். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக் என்றால் சுமார் 51 நிமிடம். புரூஃப் அதற்குள் வந்து சேராவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் ரிவர்ட்தான். அன்வில் சும்மா விட்டால் பரிவர்த்தனை வரும்போது மட்டுமே பிளாக் போடும், அதனால் இந்தக் காலாவதி உங்கள் கண்ணில் படவே படாது.

அன்விலை பிளாக் டைம் 1 என்று கொடுத்து ஓட்டுங்கள். ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு 5 நிமிடம் கழித்து அனுப்புங்கள். ரிவர்ட் வரும். அந்த நேரத்தில் உங்கள் செயலி பயனருக்கு என்ன சொல்லும், தானே புதிதாக புரூஃப் எடுக்குமா என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். இந்த ஒரு சோதனை இல்லாமல் டெஸ்ட்நெட்டுக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

கேட்டவர்

செய்து பார்த்தேன், ரிவர்ட் வந்தது. புரூஃபுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் வேறு வழி?

பதில் 1

பீக்கன் கமிட்மென்ட், அதாவது பிளாக் ஹேஷுக்குப் பதில் எத்தீரியத்தின் ஒருமித்த முடிவு அடுக்கான பீக்கன் சங்கிலியின் ஹேஷை வைத்துச் சரிபார்ப்பது. 2024 மார்ச் டென்கன் மேம்படுத்தலில் வந்த இஐபி-4788 வழியாக ஏறக்குறைய ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். அதற்கு பீக்கன் ஏபிஐ வேண்டும், வெறும் அன்விலில் கிடையாது, செபோலியா டெஸ்ட்நெட்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.