மறுமொழி: தன்னடுக்கா, நிரைதலா? (வெள்ளிக்கிழமை அச்சு)

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். உயர்தர மாணவருக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேணும். 'self-assembly', அதாவது சிறு துணிக்கைகள் தாமாகவே ஒழுங்காகச் சேருவது: இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் இல்லாமல் முழுப் பக்கமும் தடக்குப்பட்டு நிற்குது.

1 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள பொலிஸ்டைரீன் கோளங்கள் நீரில் பரவியிருக்கின்றன. கண்ணாடித் தகட்டில் ஒளியால் பொறித்த குழிகள் நிரைநிரையாக இருக்கு. அதன்மேல் சில பத்து மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்ரிக் தாளை இடைவெளிக்கு வைத்து, இன்னொரு கண்ணாடியால் மூடி, திரவத்தை இடையில் விடுகிறோம். நீர் மெல்லப் பின்வாங்கும்போது அதன் விளிம்பு கோளங்களைக் குழிகளுக்குள் தள்ளிவிட்டுப் போகும். குழி விட்டம் 1.2 மைக்கிரோமீற்றர் என்றால் ஒன்று, 2.05 என்றால் சோடி, 2.2 என்றால் முக்கோணமாக மூன்று, 2.45 என்றால் சதுரமாக நான்கு. ஒருத்தரும் கைவைத்து அடுக்கவில்லை. இதற்குத்தான் சொல் வேணும். இப்போதைக்கு 'சுய ஒருங்கிணைவு' எண்டு போட்டிருக்கிறேன். நுண்கோளம், கோலப்பரப்பு (குழிகள் பொறித்த தகடு) இரண்டிலும் பிரச்சினையில்லை. 'எண்கோலம்' கணிதப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்குதுதானே.

வவுனியாவிலிருந்து:
பிள்ளை, 'சுய' எதற்கு? 'தன்னியக்கம்' இருக்கும்போது 'தன்னடுக்கு' ஏன் ஆகாது? தனிக்குறிலின் பின் ஒற்று இரட்டும், சொல் காதுக்கும் இனிது. 'ஒருங்கிணைவு' என்றால் மாணவன் ஒருங்கிணைப்பாளரைத் தேடுவான்.

மாங்குளத்திலிருந்து:
ஐயா, அடுக்கு பிறவினை. விறகை அடுக்குகிறோம், நெல்மூட்டையை அடுக்குகிறோம். மூட்டை எப்போது தன்னை அடுக்கியது? இயங்கு–இயக்கு, அடங்கு–அடக்கு மாதிரி ஒருங்கு–ஒருக்கு எண்டொரு சோடி இருக்கு. 'ஒருங்கு' தன்வினை, தானாகச் சேருவது அதற்குள்ளேயே அடக்கம். மேலே 'தன்' ஒட்டுவது மிகை. எனக்குப் பிடித்தது 'நிரைதல்'. நிரைத்தல் என்றால் யாரோ நிரைக்கிறார். நிரைதல் என்றால் தானாக நிரைகிறது. ஒரு 'த்' எடுத்தால் காரியம் முடிந்தது.

வவுனியாவிலிருந்து:
நிரை நல்ல சொல்தான். வெட்சி மறவர் கவர்ந்ததும் நிரை, யாப்பில் நேருக்கு அடுத்ததும் நிரை. நம்மூரில் அந்த ஆநிரை அடையும் இடத்துக்குப் பட்டி என்று பெயர். பின்னேரம் மேய்ப்பவன் கூப்பிடாமலே மாடு பட்டிக்கு வந்துவிடும். குழிதான் பட்டி, கோளந்தான் மாடு. 'பட்டியடைவு' என்று வைத்தால் என்ன?

கிளிநொச்சியிலிருந்து:
ஐயா, 'அடைவு மட்டம்' எண்டு பாடசாலையில் வேறொன்று இருக்கு. பெறுபேற்று அட்டை எண்டு நினைப்பினம். கூழ்த்துணிக்கை (நீரில் பரவியிருக்கிற இந்தமாதிரி நுண்துணிக்கை) எண்டாலே ஒடியற்கூழை நினைத்துச் சிரிக்கிற பிள்ளைகள்.

முல்லைத்தீவிலிருந்து:
சொல்லை விடுங்கோ, 'தானாக' என்பதே பாதிப் பொய். கோளம் பிரவுணின் அசைவில் (நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் ஆட்டத்தில்) அங்குமிங்கும் அலையும், அவ்வளவுதான். குழிக்குள் தள்ளுவது நீர்விளிம்பின் பரப்பிழுவிசை. வெறும் தகட்டில் துளியைக் காயவிட்டுப் பாருங்கோ: தேத்தண்ணிக் கறை மாதிரி ஓரத்தில் வளையமாக ஒட்டும், நடு வெறுமை. விளிம்பில் நீர் வேகமாக ஆவியாக, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து வரும் ஓட்டம் கோளங்களையும் இழுத்துவருகிறது. அதுவும் 'தானாக'த்தான், ஆனால் வேண்டிய ஒழுங்கு இல்லை.

அதுக்காக 'விளிம்புத்தள்ளல்' எண்டும் பெயர் வைக்கேலாது. 1997இல் வான் பிளாடரன், ருவெல், வில்ட்சியஸ் எண்ட ஆய்வாளர் மூவரும் செய்த பரிசோதனையில் கோளங்கள் மெல்லப் படிந்தன. கீழே குழிகளின் ஒழுங்கை மேலடுக்குகளும் பின்பற்றின. அங்கே இழுத்தது புவியீர்ப்பு. சொல் இரண்டையும் தாங்கவேணும்.

கையேட்டில் இவற்றையும் சேருங்கோ. குழியின் ஆழம் கோள விட்டத்தளவு; ஆழம் குறைந்தால் விளிம்பு வழித்துக்கொண்டு போகும், கூடினால் மேலே இன்னொன்று ஏறும். கோளங்களின் விட்டத்தில் வேறுபாடு 5 சதவீதத்துக்குமேல் போனால் ஒழுங்கு குலையும். சிலிக்காவுக்கு மாறினால் நேரத்தைக் கவனியுங்கோ: 1 மைக்கிரோமீற்றர் சிலிக்கா மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இறங்கும், பொலிஸ்டைரீன் 0.1 தான். முக்கியமாக, கிணற்றுத் தண்ணி பாவிக்கவே வேண்டாம். வன்னித் தண்ணியில் உள்ள கல்சியம் கோளங்களின் மின்னேற்றத்தை மறைத்துவிடும். ஒன்றையொன்று தள்ளாமல் கட்டிகட்டியாகிக் குழிவாயை அடைக்கும். காய்ச்சி வடித்த நீர்தான்.

கிளிநொச்சியிலிருந்து:
நன்றி அண்ணை, எல்லாம் சேர்த்தாச்சு. 'நிரைதல்' பற்றி ஒரு பயம். பிள்ளைகள் 'நிறைதல்' எண்டு எழுதுவினம், அதைப் பிழையென்றும் காட்டேலாது. குழி நிறைந்தது, குழி நிரைந்தது: இரண்டுமே உண்மை! மூன்று கோளம் இருக்கவேண்டிய குழியில் ஒழுங்கில்லாமல் ஐந்து குவிந்தாலும் நிறைந்ததுதான்.

மாங்குளத்திலிருந்து:
எழுத்துப்பிழைக்குப் பயந்து சொல் ஆக்கினால் தமிழில் பாதி எழுத்தை விடவேணும்.

கிளிநொச்சியிலிருந்து:
இன்றைக்கு வியாழன். 'ஒருங்கு'க்கு முன் 'தன்' ஒட்டிய 'தன்னொருங்கு'க்குக் குழுவில் நாலு பேர், 'நிரைதல்'க்கு ஒருவர், ஐயா இன்னும் பட்டியில் நிற்கிறார். 'தன்னொருங்கு' எண்டே கொடுக்கிறேன்.

மாங்குளத்திலிருந்து:
என் எதிர்ப்பைப் பதிந்துவிடுங்கோ. இன்னுமொன்று: 4ஆம் பக்கத்தில் 'கோளங்கள் தன்னொருங்கின' எண்டு இருக்கு. எழுவாய் பன்மை. 'தன்' எப்படி வரும்? 'தம்மொருங்கின' எண்டல்லோ வரவேணும்?

வவுனியாவிலிருந்து:
அவர் கேட்பது சரி.

கிளிநொச்சியிலிருந்து:
ஐயா, அச்சகத்துக்கு அனுப்பியாச்சு.