சூதில் கடன்பட்ட வீரனைக் கழகம் தாங்குவதா, தள்ளுவதா?

குளக்கட்டு:
கிளிநொச்சிப் பக்கத்துக் கழகம் ஒன்றின் நிருவாகத்தில் இருக்கிறேன். கழகத்தின் பெயர் வேண்டாம். எங்கள் மைதானத்தில் வெறுங்காலுடன் பந்தடித்த பையன் ஒருவன் இப்போது கொழும்பில் சம்பளத்துக்கு ஆடுகிறான். கைபேசியில் பந்தயம் கட்டித் தோற்றான். தோற்றதை மீட்க மீட்டர் வட்டிக்கு வாங்கினான், அதையும் தோற்றான். தாயின் காப்பு அடகில் இருக்கிறது. இரண்டு மாதமாக நித்திரை இல்லை என்று அவனே என்னிடம் வந்து சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அங்கத்துவத்தை நீக்கு என்கிறார்கள் சிலர். வெளிநாட்டிலுள்ள பழைய வீரர்களிடம் காசு சேர்த்துக் கடனை அடைப்போம் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
நீக்குங்கள். யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் தையல் மெஷினுக்கும் கோழிக்கூட்டுக்கும் நுண்கடன் எடுத்த பெண்கள் வாரக் கடன்காரனைக் கண்டு பின்வாசலால் ஓடினார்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அதற்கு முன் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை! அந்தப் பெண்களுக்காக எந்த விளையாட்டுக் கழகம் கூட்டம் வைத்தது? நன்றாகப் பந்தடித்தால் சூதாட்டமும் நோயாகிவிடுமா?

பாலைநிழல்:
மனநலப் பிரிவொன்றில் வேலை செய்கிறேன். அந்தப் பெண்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சூதாட்டத்தை நோய் என்று சொன்னது பந்தடிப்பவர்கள் அல்லர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட கைநூலில் அதை மது, போதைப்பொருள் அடிமைநிலைகளோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. தோற்றதை மீட்பதற்காகத் திரும்பத் திரும்பக் கட்டுவதும், எவ்வளவு போனது என்று வீட்டில் பொய் சொல்வதும் அதன் அடையாளங்களாக அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. இந்தத் தம்பியிடம் முதலாவது தெளிவாகத் தெரிகிறது.

விளையாட்டு வீரருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 89 ஆவது நிமிடத்தில் ஒரு கோல் பின்னால் நின்றாலும் விடாதே, ஓடு என்றுதானே சிறுவயதிலிருந்து பழக்குகிறோம்? மைதானத்தில் அந்தக் குணத்துக்குக் கைதட்டு. பந்தயச் செயலியின் முன் அதே குணம் அவனைத் தின்கிறது. விட்டுவிட்டு எழுந்து போக அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் பயிற்சி முடிந்தால் மீதிப் பகல் முழுவதும் அறையில் தனிமை, கையில் கைபேசி. கணுக்கால் பிசகி ஆறு வாரம் படுத்தால் கேட்கவே வேண்டாம்.

முறிகண்டிக் கச்சான்:
பஸ்ஸை நிறுத்திப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கட்டியிருந்தால் வென்றிருப்பானோ என்னவோ.

குளக்கட்டு:
தம்பி, இது பகிடிக்கான இடம் இல்லை.

மாங்குளத்தான்:
அக்கா, விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நோய் என்று சொல்லித் தப்பும் வழியையும் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஐவன் டோனி என்ற கால்பந்து வீரர் 232 முறை விதியை மீறிப் பந்தயம் கட்டியதை ஒப்புக்கொண்டார். அவற்றில் 13 தன் சொந்த அணி தோற்கும் என்று கட்டியவை! 2023 இல் தடை வந்தபோது மருத்துவர் சொன்னார் என்று 11 மாதத்தை 8 ஆகக் குறைத்தார்கள். வயல் விற்றுக் குடிக்கிறவனுக்கு எந்த நீதிமன்றம் மூன்று மாதம் கழிக்கிறது?

பாலைநிழல்:
அந்த 13 பந்தயங்களையும் கட்டிய ஆட்டங்கள் எதிலும் அவர் மைதானத்தில் இறங்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். அவர் ஆடிய பிரென்ட்ஃபோர்ட் கழகத்தின் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் இருந்தது. நெஞ்சில் விளம்பரத்தைச் சுமந்தபடி கோல் போடலாம், அந்தப் பழக்கம் தொற்றினால் மட்டும் குற்றம். பந்தயம் கட்டிய இத்தாலியக் கால்பந்து வீரர் சாண்ட்ரோ டொனாலிக்கு விதித்த தண்டனை எனக்கு நியாயமாகப் படுகிறது. 18 மாதத்தில் 10 மாதம் ஆடத் தடை. மீதி 8 மாதத்துக்குப் பதிலாகச் சிகிச்சை, அத்துடன் இளைஞர் முன்னிலையில் தன் கதையைச் சொல்ல வேண்டும். பிறகு திரும்பி வந்து நியூகாசிலுக்கு ஆடினார்.

பழைய மத்தியஸ்தர்:
இருபது வருடம் விசில் ஊதியவன் நான். நீங்கள் இருவரும் நோயா குற்றமா என்று இழுக்கிறீர்கள். என் பயம் வேறு. கடன்பட்ட வீரனின் கால் அவனுடையதல்ல, கடன் கொடுத்தவனுடையது.

டொராண்டோ கூடைப்பந்து அணியில் ஜோன்டே போர்ட்டர் என்று ஒரு பையன் இருந்தான். சூதில் பெருங்கடன். ஆட்டத்தின் நடுவே சுகமில்லை என்று வெளியேறு, நாங்கள் அதன்மேல் கட்டுகிறோம், உன் கடன் கழியும் என்றார்கள். வெளியேறினான். 2024 ஏப்ரலில் ஆயுட்காலத் தடை. சிம்பாப்வேயின் கிரிக்கெட் வீரர் பிரெண்டன் டெய்லரை மடக்கியது சூதுக்கடன் அல்ல, போதைப்பொருள் எடுத்ததைப் படம்பிடித்த காணொளி. ஆனால் கயிறு ஒன்றுதான்: மறைக்க வேண்டிய ஒன்று அவரிடம் இருந்தது. காசு கொடுத்து ஆட்டத்தின் போக்கை முன்கூட்டியே முடிவுசெய்யும் ஆட்டநிர்ணயக்காரர் அணுகியதை நான்கு மாதம் வாய்திறக்காமல் இருந்தார். மூன்றரை வருடத் தடை.

எங்கள் நாட்டில் 2019 ஆம் ஆண்டின் சட்டப்படி ஆட்டநிர்ணயத்துக்குப் பத்து வருடம்வரை சிறை. உங்கள் பையன் இன்னும் அந்த வாசலுக்குப் போகவில்லை. வாய்திறந்து சொல்லியும் விட்டான். சொன்னதற்காகவே நீக்கினால், அடுத்தவன் உங்களிடம் வரமாட்டான். நேரே தரகரிடம் போவான்.

மாங்குளத்தான்:
ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்காகக் காசு சேர்த்துக் கையில் கொடுப்பீர்களா?

பாலைநிழல்:
வேண்டவே வேண்டாம். அதில் நான் உங்கள் பக்கம். கடன் ஒரே நாளில் அழிந்தால் செயலி மறுநாள் திறக்கும். பார்த்திருக்கிறேன். சம்பளம் தாயின் கணக்குக்குப் போகட்டும். காப்பை மீட்கும் காசை அடகுக்கடையில் நீங்களே கட்டுங்கள், துண்டைத் தாயிடம் கொடுங்கள். கடன் முழுவதும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை பாதியைத்தான் எழுதுவார், பொறுத்திருங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒருவர் கூடவே போக வேண்டும், தனியே அனுப்பாதீர்கள். நித்திரை போய் இரண்டு மாதம் என்கிறீர்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது. ஆம் என்றால் ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள். இரவென்றால் 1926 க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

குளக்கட்டு:
இன்று மாலையே அவன் வீட்டுக்குப் போகிறேன். கழகத்தில் இந்தப் பருவம் ஆடாமல் இருக்கட்டும், சிறுவர் பயிற்சிக்கு வரட்டும் என்று கூட்டத்தில் சொல்லப் போகிறேன். மாங்குளத்து அண்ணா, நீங்களும் பழைய வீரர்தானே, வாருங்கள்.

மாங்குளத்தான்:
வருகிறேன். ஆனால் சிறுவரிடம் விடுவதற்குக் கை உயர்த்தமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். இன்னொரு கேள்வியும் அங்கே கேட்பேன். அந்தப் பையனுக்கு மீட்டர் வட்டிக்குக் கொடுத்தவர் யார்? மைதானத்துக்கு வந்துபோகிற ஆள்தானே?

குளக்கட்டு:
போன வருடக் கிண்ணத்துக்கு அனுசரணை அவர்தான். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இருப்பார்.